பெட்டி காலி, ஆனால் இடமில்லை: பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையில் செவிலியர் கணக்கு

குறைமாதத்தில் குழந்தை பிறந்த வீட்டில் முதல் சில நாட்களுக்கு அடிக்கடி காதில் விழும் சொல் ‘பெட்டி’. “பிள்ளையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்” என்றுதான் ஊரிலிருக்கும் உறவினருக்குச் சொல்லி அனுப்புகிறோம். இன்குபேட்டர் என்ற அந்தக் கண்ணாடிப் பெட்டியே குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று நம்புகிறோம். அதனால்தான், ஒரு மருத்துவமனையில் பெட்டி காலியாகக் கிடப்பது கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தும், “இங்கே இடமில்லை, வேறு மருத்துவமனை பாருங்கள்” என்ற பதில் வரும்போது குடும்பத்தாருக்கு ஆத்திரம் வருகிறது. செவிலியர் பற்றாக்குறை பற்றியோ, தொகுப்பூதியச் செவிலியர் போராட்டம் பற்றியோ நாளிதழில் செய்தி வந்தால், அது யாரோ சில ஊழியர்களின் சம்பளப் பிரச்சினை என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையே சொல்கின்றன. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ‘இடம்’ என்பது பெட்டியின் பெயரன்று. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பயிற்சி பெற்ற செவிலியரின் பெயர். அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சில சொற்கள்

1. பச்சிளங்குழந்தை என்பது பிறந்து 28 நாட்களுக்குள் இருக்கும் குழந்தை. மருத்துவத்தில் இது தனிப் பருவம். குழந்தை மருத்துவத்தின் பொது விதிகள் பல இங்கே பொருந்துவதில்லை.

2. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 32 வாரத்துக்கு முன் பிறந்தால் மிகக் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன் என்றால் அதனினும் கடுமையான நிலை. எடையைக் கொண்டு சொல்வதானால், 2,500 கிராமுக்குக் கீழ் குறை எடை, 1,500-க்குக் கீழ் மிகக் குறை எடை, 1,000-க்குக் கீழ் மிக மிகக் குறை எடை.

3. அரசு அமைப்பில் பிறந்த குழந்தையின் பராமரிப்பு மூன்று படிகளாக உள்ளது. பிரசவ அறையிலேயே குழந்தையைக் கவனிக்கும் மூலை முதற்படி. அடுத்தது, ஓரளவு நோயுற்ற குழந்தைகளுக்கான நிலைப்படுத்தும் பிரிவு. மூன்றாவது, மாவட்ட அளவில் இயங்கும் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவு, இதைத்தான் எஸ்.என்.சி.யு. என்கிறார்கள். வெண்டிலேட்டர் வரை தேவைப்படும் குழந்தைகள் இவற்றுக்கும் மேலான தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, அதாவது என்.ஐ.சி.யு.வுக்கு அனுப்பப்படுகின்றன. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, அருகிலேயே இருக்கும் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களுக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்தும் குழந்தைகள் வந்துகொண்டே இருப்பதற்கு இந்தப் படிநிலையே காரணம்.

4. பதிவு பெற்ற செவிலியர் என்பவர் ஜி.என்.எம். பட்டயப் படிப்போ நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்து, மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவர். சென்னை மாகாணக் காலத்தில், 1926-இல் வந்த செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டத்திலிருந்து இந்தப் பதிவு முறை தொடர்கிறது. அதே நிறச் சீருடை அணிந்த எல்லாரும் பதிவு பெற்றவர்கள் அல்லர் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

900 கிராம் குழந்தையின் அருகே

28 வாரத்தில் 900 கிராம் எடையோடு பிறந்த குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 80 மி.லி.தான், ஒரு சிறிய டம்ளர் காப்பியின் அளவு. பரிசோதனைக்காக அதிலிருந்து ஒரு மி.லி. எடுத்தால், பெரியவர் ஒருவரிடமிருந்து ஏறத்தாழ 60 மி.லி. எடுத்ததற்குச் சமம். ஆகவே இரத்த மாதிரி எடுக்கும் செவிலியர் ஒவ்வொரு முறையும் எவ்வளவு எடுத்தார் என்பதைத் தாளில் குறித்து வைக்கிறார். நாளுக்கு நாள் அந்தக் கூட்டுத்தொகை ஏறுவதைப் பார்த்துத்தான் இரத்தம் ஏற்ற வேண்டுமா, இன்றைய பரிசோதனை ஒன்றைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் பேச முடிகிறது.

முதல் நாளில் இந்தக் குழந்தைக்கு, கிலோவுக்கு 80 மி.லி. என்ற கணக்கில், ஒரு நாளைக்கு 72 மி.லி. நீர்மம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3 மி.லி.; ஒரு தேக்கரண்டிகூட இல்லை. சிரிஞ்ச் பம்ப் அதைச் சொட்டுச் சொட்டாக உள்ளே செலுத்துகிறது. மருந்து கொடுத்த பிறகு குழாயைக் கழுவ அரை மி.லி. உப்பு நீர் விட்டாலும் அது கணக்கில் சேர வேண்டும். பத்து முறை விட்டால் 5 மி.லி., அதாவது அந்த நாளின் ஒதுக்கீட்டில் ஏழு சதவீதம் போய்விடுகிறது. வெளியேறுவதையும் அளக்க வேண்டும்: நனைந்த டயப்பரை எடை போட்டு, உலர்ந்த டயப்பரின் எடையைக் கழித்து, ஒரு கிராமை ஒரு மி.லி. சிறுநீர் என்று கணக்கிடுகிறார்கள்.

மருந்தின் அளவு இதைவிட ஆபத்தான இடம். பெரியவர்களுக்கென்று தயாரிக்கப்பட்ட குப்பியிலிருந்து நீர்த்து, பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று எடுக்க வேண்டியிருக்கிறது. தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பெரியவர்களுக்குப் பத்து மடங்கு ஊசி போட வேண்டுமானால் பத்துக் குப்பி உடைக்க வேண்டும், அங்கேயே சந்தேகம் வந்துவிடும். இங்கே பத்து மடங்கும் ஒரே சிரிஞ்சில் அடங்கிவிடும். எனவேதான் ஆபத்தான மருந்துகளை இரண்டு செவிலியர் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. இரவில் பிரிவில் ஒரே ஒருவர் இருந்தால் அந்த இரண்டாவது கணக்கை யார் போடுவது?

உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் சேர வேண்டிய கொழுப்பு இந்தக் குழந்தைக்குச் சேரவில்லை, தோலும் மெல்லியது. ஈரத்தோடு இருந்தால், குளிர்ந்த தராசில் கிடத்தினால், ஏசி காற்று நேரே பட்டால், பக்கத்துச் சுவர் குளிர்ந்திருந்தால், நான்கு வழியிலும் வெப்பம் போய்விடும். பெட்டி இதில் பெரிதும் உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்டியின் கதவைத் திறந்து, பத்து நிமிடம் சிரமப்பட்டு ஊசி போட இரத்தக் குழாயைத் தேடும்போது உள்ளே இருக்கும் வெப்பமும் வெளியே வந்துவிடுகிறது. ஆகவே அனுபவமுள்ள செவிலியர் டயப்பர் மாற்றுவது, வெப்பம் பார்ப்பது, நிலை மாற்றிக் கிடத்துவது, பால் கொடுப்பது ஆகியவற்றை ஒரே தடவையில் சேர்த்து முடித்துவிட்டு, பிறகு குழந்தையைத் தொடாமல் தூங்க விடுகிறார்.

இவ்வளவுக்கும் நடுவே மூச்சு நின்றுபோகும். 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, குறைந்த நேரமே நின்றாலும் இதயத் துடிப்பு தாழ்ந்தாலோ அது ஆப்னியா. மூளையின் சுவாச மையம் முதிராததே பெரும்பாலும் காரணம்; கேஃபீன் மருந்து கொடுத்தாலும் அறவே நின்றுவிடுவதில்லை. அலாரம் அடித்ததும் செவிலியர் முதலில் பார்ப்பது திரையை அன்று, குழந்தையை. மார்பு அசைகிறதா, உதடு நீலமா, கழுத்து மடிந்து மூச்சுக்குழல் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். கழுத்தை நேராக்கி, உள்ளங்காலை விரலால் மெல்லச் சுண்டுகிறார். பெரும்பாலான தடவை அந்தச் சுண்டலுக்கே குழந்தை திரும்ப மூச்சு இழுக்கிறது. இழுக்காவிட்டால் முகமூடியும் பையும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். பெட்டி உள்ளங்காலைச் சுண்டாது. அடுத்த பெட்டியிலும் அதே நொடியில் அலாரம் அடித்தால், ஒருவரால் ஒரு காலைத்தான் சுண்ட முடியும்.

ஆக்சிஜன்: குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்புப் பொருள் போதுமான அளவு இருக்காது. அது இல்லாவிட்டால் காற்றுப் பைகள் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஒட்டிக்கொள்ளும். இக்குறைபாடே மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பதை 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் காட்டினார்கள். பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்பதை 1972-இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் வெளியிட்டார்கள். பிறந்த பிறகு சி-பாப் என்ற கருவி மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து அந்தப் பைகள் மூடாமல் பார்த்துக்கொள்கிறது.

இதோடு ஆக்சிஜனும் கொடுக்கிறோம். இங்கேதான் செவிலியரின் கை தீர்மானிக்கிறது. 1940-களிலும் 1950-களிலும் மேற்கு நாடுகளில் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தன. தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜனே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 1951-இல் மெல்பர்னில் கேட் கேம்பெல் எழுதினார். அதன்பின் எல்லா இடங்களிலும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். அதனால் மூச்சின்றி இறந்த குழந்தைகளும் உண்டு. இன்று ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு இரத்த ஆக்சிஜன் செறிவு 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் இலக்கு.

காகிதத்தில் எளிது. நடைமுறையில் நடப்பது இது: அளவு 82-க்கு இறங்குகிறது, அலாரம் அடிக்கிறது, செவிலியர் ஆக்சிஜன் குமிழைக் கூட்டுகிறார், குழந்தை மீள்கிறது, அளவு 99-ஐத் தொடுகிறது. அந்த நேரத்தில் நான்காவது படுக்கையில் ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது. அவர் அங்கே ஓடுகிறார். கூட்டிய குமிழ் கூட்டியபடியே நிற்கிறது. 99 என்ற எண் பார்ப்பதற்கு நல்ல எண்ணாகவும் தெரிகிறது. இருபது நிமிடம் கழித்துத்தான் யாராவது குறைக்கிறார்கள். ஒரு நாளில் இது எத்தனை தடவை நடக்கிறது என்பதும் விழித்திரையில் தாறுமாறாக இரத்தக் குழாய்கள் வளரும் வாய்ப்பும் தொடர்புடையவை. ஆர்.ஓ.பி. என்ற இந்த விழித்திரைக் கேட்டைக் கருவியின் குறையாகவோ செவிலியரின் கவனக்குறைவாகவோ பார்ப்பது தவறு. பல சமயம் அது, ஒருவர் பார்க்க வேண்டிய குழந்தைகள் எத்தனை என்ற கணக்கின் விளைவு.

கருவி காட்டாததைக் காணும் கண்

பச்சிளங்குழந்தையின் தொற்று காய்ச்சலோடு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நேற்று வரை பால் ஏற்ற குழந்தை இன்று ஏற்கவில்லை, தொட்டால் முகம் சுளித்தது இன்று சுளிக்கவில்லை, பாதம் சில்லிட்டிருக்கிறது, தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுகிறது, வயிறு சற்றே உப்பியிருக்கிறது. “டாக்டர், என்னவோ தெரியவில்லை, குழந்தை சரியில்லை” என்று செவிலியர் சொல்லும் வாக்கியத்தை அனுபவமுள்ள மருத்துவர்கள் அலட்சியம் செய்வதில்லை. இந்தியப் பிரிவுகளில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற, பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிருமிகளே மிகுதி. சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு விலையாகலாம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமானால், நேற்றும் அதே குழந்தையை அவர் பார்த்திருக்க வேண்டும். பணி மாறும்போது ‘ஓவர் கொடுப்பது’ என்பது வெறும் சடங்கன்று. எண்களோடு இந்தச் சந்தேகங்களும் அப்போதுதான் கைமாறுகின்றன.

மஞ்சள் காமாலைக்கு இன்று நாம் கொடுக்கும் நீல ஒளிச் சிகிச்சையும் ஒரு செவிலியரின் கண்ணிலிருந்து வந்ததே. 1956-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில், ராச்ஃபோர்ட் மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இருந்த சிஸ்டர் ஜீன் வார்டு, வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த முக்கோணப் பகுதி மட்டும் மஞ்சளாக இருப்பதை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். 1958-இல் கிரீமரும் உடன் பணியாற்றியவர்களும் அதை ஆய்வாக வெளியிட்டார்கள். (காமாலை என்றால் இளவெயிலில் காட்டினால் போதும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அளவு கூடிய காமாலைக்கு அது போதாது. இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.)

பாலும் மார்பும்

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒத்திசைவது ஏறக்குறைய 34-ஆவது வாரத்தில்தான். அதுவரை இரைப்பைக்குச் செல்லும் குழாய் வழியாகப் பால் போகிறது. இடைப்பட்ட காலத்தில் நம்மூர்ப் பாலாடை பயன்படுகிறது. பாட்டி வீட்டு அலமாரியில் சங்கு என்ற பெயரில் இருந்த அதே மூக்குக் கிண்ணம், கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் மேசையில் இருக்கிறது. செவிலியர் குழந்தையைச் சற்றே நிமிர்த்தி, கிண்ணத்தின் மூக்கை உதட்டோரம் வைத்து, நாக்கு விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டை விடுகிறார். 15 மி.லி. கொடுக்க இருபது நிமிடம் ஆகலாம். அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குப் போகும்.

தாயின் பால் இன்னும் சுரக்காதபோது வங்கிப் பால் உதவுகிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயன் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் இப்போது இவை இயங்குகின்றன. தானமாக வரும் பால் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பதப்படுத்தப்படுகிறது. ஆனாலும் முதல் தெரிவு, பெற்ற தாயின் பாலே. பிரசவ வார்டில் அழுதுகொண்டிருக்கும் தாயிடம் முதல் நாளே போய், கையால் பால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்து, வந்த இரண்டு மி.லி. சீம்பாலை வீணாக்காமல் கொண்டுவருவதும், சேனை வைக்க வேண்டும் என்று தேன் குப்பியோடு வரும் மாமியாரிடம் மனம் நோகாமல் மறுப்பதும் செவிலியரின் வேலைப் பட்டியலில் எழுதப்படாத வேலைகள்.

கே.எம்.சி. என்றால் சென்னைக்காரருக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி நினைவுக்கு வரும். பச்சிளங்குழந்தைப் பிரிவில் அதன் பொருள் கங்காரு தாய் பராமரிப்பு: குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்ந்த நிலையில் அணைத்துக் கட்டி வைப்பது. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில், பெட்டிகள் போதாத நெருக்கடியில் பிறந்த முறை இது. 2021-இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, இந்தியா (டெல்லி) உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1,000 முதல் 1,799 கிராம் வரையிலான 3,211 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கிய குழுவில் முதல் 28 நாளில் இறந்தோர் 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7. ஒரு மருந்து இந்த வேறுபாட்டைக் காட்டியிருந்தால் மறுநாளே வாங்கியிருப்போம். இதற்கு வாங்க வேண்டியது நாற்காலியும் கட்டிலும், கூடவே தாயையும் குழந்தையையும் ஒருசேரக் கவனிக்கும் செவிலியரும்.

ஒரு பெட்டிக்கு எத்தனை பேர்?

தீவிர சிகிச்சையில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோல். பிரிட்டனில் தீவிர சிகிச்சைக்கு 1:1, அடுத்த நிலைக்கு 1:2, சிறப்புப் பராமரிப்புக்கு 1:4. எஸ்.என்.சி.யு.வுக்கு நமது 2011 வழிகாட்டுதல் 3 அல்லது 4 குழந்தைக்கு ஒருவர் என்கிறது.

இதைப் பணியிடமாக மாற்றினால் கணக்கு வேறாகத் தெரியும்:

1. ஒரு பெட்டியருகே எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டுமானால், நாளுக்கு மூன்று ஷிப்டு என்று வாரத்துக்கு 21 ஷிப்டு.
2. ஒருவர் வாரத்தில் 6 ஷிப்டு பார்க்கிறார். 21-ஐ 6-ஆல் வகுத்தால் மூன்றரைப் பேர்.
3. விடுப்பு, மகப்பேறு, பயிற்சி ஆகியவற்றுக்கு 30 சதவீதம் கூட்டினால் நாலரைப் பேர்.

ஆக, ஒரு வெண்டிலேட்டரை வாங்கித் திறப்பு விழா நடத்தும்போது நாலரைச் செவிலியர் பணியிடமும் கூடவே உருவாக வேண்டும். 12 படுக்கைப் பிரிவை 1:4 என்ற தளர்ந்த விகிதத்தில் நடத்தவே 14 பேர் வேண்டும். அவர்களில் மூவர் விலகினால் பெட்டிகள் பன்னிரண்டாகவே இருக்கும். பாதுகாப்பாகப் பார்க்கக்கூடிய குழந்தைகள் குறைந்துவிடும். ‘இடமில்லை’ என்ற பதில் அப்போது பொய்யன்று. அதை மீறிச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: பிரிட்டனின் 54 பிரிவுகளை ஆராய்ந்து 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பணிச்சுமை ஏற ஏற இறப்பு வாய்ப்பும் ஏறுவதைக் காட்டியது.

ஏன் நிலைப்பதில்லை?

பொது நர்சிங் படிப்பு இந்த வேலைக்கு வாசற்படி மட்டுமே. பச்சிளங்குழந்தைச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயம் உண்டு. ஆனால் பெரும்பாலோர் மூத்தவர் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் கற்றவர்கள். கற்று முடிக்கும் தறுவாயில் இடமாற்றம் வருகிறது, அல்லது வளைகுடாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ அழைப்பு வருகிறது. போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழக அரசு 2015-இல் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு வழியே எடுத்த செவிலியருக்குத் தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். என்ற மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் அவர்கள் திரண்டார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்தபோதிலும் நிரந்தரக் கோரிக்கை தொடர்ந்தது. தனியார் துறைக்கு, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு 2016-இல், 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே பல இடங்களில் நிற்கிறது.

2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 28 நாளுக்குள் இறப்போர் இந்தியாவில் 20, தமிழகத்தில் 9. இருபதிலிருந்து ஒன்பதுக்கு வருவதற்கு மருத்துவமனைப் பிரசவமும் 108 வண்டியும் பெரிதும் உதவின. ஒன்பதிலிருந்து கீழே போவதற்கு அந்த 900 கிராம் குழந்தைகள் பிழைக்க வேண்டும். அவர்களுக்குத் தேவை பழகிய கைகள். ஆகவே செவிலியர் நிரந்தரமாவதை ஊழியர் நலன் என்ற தலைப்பில் மட்டும் வைப்பதை நான் ஏற்கவில்லை. அது சிகிச்சை என்ற தலைப்பில் வர வேண்டியது.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

1. குறைமாதப் பிரசவம் நெருங்குவது முன்கூட்டியே தெரிந்தால், வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாயை மாற்றுவது, பிறந்த பிறகு குழந்தையை வண்டியில் கொண்டுபோவதைவிடப் பாதுகாப்பானது. ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

2. ‘இடமில்லை’ என்றால் வாசலில் வாதாடுவதைவிட, அங்கிருந்தே அடுத்த மருத்துவமனையைத் தொலைபேசியில் உறுதி செய்து தரச் சொல்லுங்கள். பச்சிளங்குழந்தைக்கென்று 108-இல் தனி ஆம்புலன்ஸ் இருக்கிறது.

3. தனியார் மருத்துவமனையில் சேர்க்கும்போது எத்தனை வெண்டிலேட்டர் என்று கேட்பதோடு, இரவில் ஒரு செவிலியர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், அவர் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

4. உள்ளே போகும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி முழங்கை வரை கழுவச் சொன்னால், முழு இரண்டு நிமிடமும் கழுவுங்கள்.

5. வீட்டுக்கு அனுப்பும் நாளில் செவிலியர் கையில் தரும் அட்டையில் கண் பரிசோதனைத் தேதி இருக்கும். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே. குழந்தை கண் திறந்து பார்க்கிறது, சிரிக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்த நாளைத் தவறவிடுபவர்கள் பலர். விழித்திரையில் தொடங்கும் கேடு வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உரிய வாரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்க முடியும், சில வாரம் கடந்தால் முடியாமல் போகலாம். அட்டையை வாங்கும்போதே அந்தத் தேதியைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, எந்த மாடியில், எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று அந்தச் செவிலியரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.